பெயின்ட் அடித்த கலப்பையும் ஐந்து நிமிட உழவும்

கேள்வி: ஐயா, என்னிடம் 42 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது. இதுவரை மண்ணைக் கீறும் கொத்துக் கலப்பையும் மண்ணைச் சுழற்றித் தூளாக்கும் ரோட்டவேட்டரும் மட்டுமே மாட்டி ஓட்டியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் தரிசாகக் கிடந்த நிலத்தில் புல் மண்டிவிட்டது. மண்ணைப் புரட்டிப் போடுவதற்காக ஒவ்வொன்றும் 14 அங்குல அகலத்துக்கு வெட்டும் இரண்டு கொழு வைத்த பழைய இறக்கைக் கலப்பை ஒன்றைப் பார்த்தேன். விற்பவர் புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். அதிகம் ஓடாதது என்கிறார். அவர் நிலத்திலேயே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். மண்ணுக்குள் இறங்கவே இல்லை, மேலாகச் சறுக்கிக்கொண்டே வந்தது. கலப்பையில் குறை இல்லை, உங்களுக்குத்தான் மாட்டத் தெரியவில்லை என்கிறார் அவர். என் மைத்துனரோ இதை விட்டுவிட்டு, சுழலும் வட்டத் தகடுகள் வைத்த சட்டிக் கலப்பை வாங்கச் சொல்கிறார். நிலம் களி கலந்த வண்டல். கல் அதிகம் கிடையாது. வாங்கலாமா, வேண்டாமா?

பதில்: ஐந்து நிமிடம் ஓட்டியதில் கலப்பை இறங்கவில்லை என்பதை வைத்துக்கொண்டு நான் எந்தத் தீர்ப்பும் சொல்ல மாட்டேன். நல்ல கலப்பையும் அப்படிச் சறுக்கும். கெட்ட கலப்பையும் அப்படித்தான் சறுக்கும். விற்பவர் சொல்வது உண்மையாக இருக்க நிறையவே இடம் உண்டு. அதற்காக அவர் பேச்சை நம்பிப் பணத்தை எடுத்து நீட்டிவிடவும் வேண்டாம். இன்னொரு முறை போங்கள். இந்த முறை அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள். முதல் பாதி தரையில், இரண்டாம் பாதி மண்ணில்.

பழைய கலப்பையைப் பார்க்கும்போது மனத்தில் ஒரே ஒரு பிரிவினையை வைத்துக்கொள்ளுங்கள்: தேய்ந்தது எது, வளைந்தது எது. மண்ணை அடியில் வெட்டும் கொழு தேயும், வெட்டிய மண்ணைப் புரட்டும் இறக்கை தேயும், சாலின் சுவரை உரசிக்கொண்டு போகும் பக்கத் தகடு தேயும். தேய்வதற்காகவே செய்யப்பட்ட பாகங்கள் அவை. போல்ட்டைக் கழற்றிப் புதிதாக மாட்டிவிடலாம். மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்டால் போதும். சட்டமும் அதிலிருந்து இறங்கும் கால்களும் வளைந்திருந்தால் கதை வேறு. சூடுபோட்டு நிமிர்த்தலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நிமிர்த்தியது பழைய கோணத்துக்கு அப்படியே திரும்புவது அபூர்வம். திரும்பினாலும் சூடுபட்ட இடத்தில் இரும்பு பழைய உறுதியோடு இருப்பதில்லை.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் மூன்று கொழுக் கலப்பை ஒன்றை அடுத்தவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தோரணையோடு போய் வாங்கினேன். பெயின்ட் மின்னியது, கொழு மூன்றும் புத்தம் புதிது. உழுதபோது முதல் இரண்டு சால் நேராக வந்தது. மூன்றாவது கொழு மட்டும் மண்ணைக் குறுக்கே தள்ளிக்கொண்டு போனது. கலப்பையின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க்கைத் திருகினேன், லெவலை மாற்றினேன், டயர் காற்றைக் கூடக் கூட்டிக் குறைத்தேன். மூன்று நாள் போயிற்று. கடைசியில் கம்பி பிரஷ்ஷை எடுத்து மூன்றாவது காலுக்கு மேலே சட்டத்தைச் சுரண்டிப் பார்த்தால், பெயின்ட்டுக்கு அடியில் தீயில் நீலம் பாரித்த தழும்பு, அதன் மேல் ஒட்டுத் தகடு, சுற்றிலும் அவசர வெல்டிங். புதுக் கொழுக்களை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டேன். அதிலிருந்து புதுப் பெயின்ட்டைக் கண்டாலே என் கை கம்பி பிரஷ்ஷைத் தேடும்.

உங்கள் கலப்பைக்கு வருவோம். பெயின்ட் அடித்ததாலேயே அவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். விற்கிற பொருளைத் துடைத்து வைப்பது யாரும் செய்வதுதான். இறக்கையின் முகத்தில், அதாவது மண் உருண்டு ஏறும் அந்த வளைந்த பரப்பில், பெயின்ட் அடித்திருக்கிறாரா என்று பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கலப்பைக்கு அந்த முகம் கண்ணாடி போல் மின்னும். பொறுப்பானவர்கள் சீசன் முடிந்ததும் அதில் கிரீஸ் பூசி வைப்பார்கள். அங்கே பெயின்ட் இருந்தால் அடியில் துரு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். துரு பெரிய குற்றமில்லை. மணல் கலந்த நிலத்தில் சில சுற்று ஓட்டினால் தேய்ந்து மெருகேறிவிடும். ஆனால் துருவோ பெயின்ட்டோ இருக்கும்வரை களிமண் இறக்கையில் ஒட்டும், புரளாது. உங்கள் மண் களி கலந்தது என்கிறீர்கள். அன்றைய சோதனையில் இதற்கும் பங்கு இருந்திருக்கும்.

கலப்பையைச் சிமென்ட் தரையிலோ வேறு ஏதாவது சமதளத்திலோ இறக்கி வைக்கச் சொல்லுங்கள். ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்திய கலப்பைக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. லீவரில் ஒரு குழந்தையின் கை பட்டாலும், ஒரு ஹோஸ் விட்டாலும் அத்தனை இரும்பும் கீழே வரும். அடியில் பார்க்க வேண்டுமானால் கனமான மரக்கட்டை முட்டுக்கொடுத்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாருங்கள்.

முதலில் கொழு. கை நீளத்துக்கு நேரான இரும்புப் பட்டை ஒன்று போதும். கலப்பையை முட்டின் மேல் உயர்த்தி, கொழுவின் மூக்கு நுனியிலிருந்து பக்கத் தகட்டின் பின்நுனியான குதிகால் வரை அடிப்பக்கமாக அந்தப் பட்டையை ஒட்டி வையுங்கள். நல்ல கொழுவில் பட்டை இரண்டு முனையில் மட்டும் தொடும். நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், வெளிச்சம் தெரியும். மூக்கு கீழ்நோக்கிச் சற்றே குனிந்திருப்பதால் வரும் இடைவெளி அது. அந்தக் குனிவுதான் கலப்பையை மண்ணுக்குள் இழுக்கிறது. எடையால் கலப்பை இறங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். இறக்கைக் கலப்பையைப் பொறுத்தவரை இறக்குவது அந்த மூக்குதான். பட்டை முழுவதும் ஒட்டி உட்கார்ந்து, மூக்கு படகின் முனை போல் மேல்நோக்கி உருண்டிருந்தால், உங்கள் டிராக்டர் எப்படிப்பட்டதாக இருந்தாலும் அந்தக் கொழு சறுக்கத்தான் செய்யும். இதே பட்டையைப் பக்கவாட்டிலும் வைத்துப் பாருங்கள். மூக்கு, உழாத பக்கம் நோக்கியும் சிறிது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சால் அகலத்தைக் கலப்பை விடாமல் பிடிப்பது அதனால்தான்.

கொழுவின் மூக்கில் வெல்டிங் வைத்துக் கட்டியிருந்தால் அது எந்த இரும்பு என்று கேளுங்கள். எஃகுக் கொழுவில் தேய்வு தாங்கும் வெல்டிங் வைப்பது வழக்கமான வேலை. ஒழுங்காகச் செய்திருந்தால் லாபம்தான். வார்ப்பிரும்புக் கொழு என்றால் அந்த ஒட்டு முதல் கல்லிலேயே உதிர்ந்துவிடும்.

அடுத்து இறக்கை. அதிகம் தேய்வது முன்விளிம்பு, அதாவது கொழுவுக்கு மேலே மண்ணை முதலில் வெட்டிப் பிளக்கும் பகுதி. அங்கே தட்டிப் பாருங்கள். கனமான இடத்தில் மந்தமான ஒலியும் மெலிந்த இடத்தில் தகர ஒலியும் வரும். நல்ல இறக்கைகள் பலவற்றில் வெளிப்புறம் கடினமான எஃகும் நடுவில் மென்மையான எஃகுமாக மூன்று அடுக்கு இருக்கும். வெளியடுக்கு தேய்ந்து நடு அடுக்கு தெரிய ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் தேய்மானம் வேகமாகப் போகும், மண்ணும் அங்கேயே ஒட்டத் தொடங்கும்.

இனித்தான் முக்கியமான வேலை. அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொழு மூக்குகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு இரண்டு பக்கத் தகடுகளின் குதிகால்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உடல்கள் இரண்டும், அதாவது கொழுவும் இறக்கையும் பக்கத் தகடும் சேர்ந்த தொகுதிகள் இரண்டும், ஒரே திசையைப் பார்க்கின்றன. ஒரு விரல்கடை வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு கால் திரும்பியிருக்கிறது. ஆனால் ஒரு கொழு புதிதாகவும் மற்றது தேய்ந்ததாகவும் இருந்தால் மூக்கு அளவு ஏமாற்றும். அப்போது கொழுவை இறுக்கும் போல்ட்டுகளில் முன்னால் உள்ளதன் தலையிலிருந்து அளக்க வேண்டும். அதே போல்ட் தலையிலிருந்து சட்டத்தின் அடிப்பக்கம் வரை இரண்டு உடல்களிலும் உயரத்தை அளந்து ஒப்பிடுங்கள். உயரம் மாறினால் ஒரு கால் பின்னோக்கி மடங்கியிருக்கிறது என்று பொருள். மறைந்திருந்த பாறையிலோ பழைய மரத்தின் வேரிலோ மாட்டி இழுத்த கலப்பைக்கு இப்படி ஆகும்.

அதற்குத் தடயமும் இருக்கும். காலைச் சட்டத்தோடு பிணைக்கும் இடத்தில் முறிபோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லில் மாட்டினால் தானே அறுந்து கலப்பையைக் காப்பதற்காக வைத்த போல்ட் அது. அடிக்கடி அறுகிறதே என்று எரிச்சல்பட்டு அதற்குப் பதிலாக அறாத உயர்தர போல்ட்டை முறுக்கி வைத்திருப்பவர்கள் ஏராளம். போல்ட் தலையில் உள்ள குறியைப் பாருங்கள். கலப்பைக்கு உரியதைவிட உறுதி கூடியது இருந்தால் சட்டத்தை இரண்டு மடங்கு கவனமாக அளந்து பாருங்கள். போல்ட் தாங்கிய அடியெல்லாம் சட்டத்துக்குப் போயிருக்கும்.

சட்டத்தில் கால்கள் சேரும் மூலைகள், டாப் லிங்க் மாட்டும் கோபுரத்தின் அடி ஆகிய இடங்களில் கம்பி பிரஷ்ஷால் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சுரண்டவே விடமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

கலப்பையை டிராக்டரில் மாட்டும் இணைப்புப் பின்களின் விட்டத்தை அளந்து பாருங்கள். கீழ்ப் பின் 22 மில்லிமீட்டரும் மேல் பின் 19 மில்லிமீட்டரும் இருந்தால் அது முதல் வகை இணைப்பு. 28, 25 என்றால் இரண்டாம் வகை. 42 குதிரைத்திறன் டிராக்டர் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். சிறிய பின்னுக்குப் புஷ் போட்டுப் பெரிய கண்ணில் மாட்டலாம், அதில் சிக்கலில்லை. பின் மாட்டும் ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த ஆட்டம் கலப்பை முழுவதையும் ஆட்டும்.

இத்தனையும் பார்த்து, அளவுகள் சரியாக இருந்தால் டிராக்டரை மாட்டுங்கள். அன்றைக்கு ஏன் சறுக்கியது என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் இதுவரை ஓட்டியது கொத்துக் கலப்பையும் ரோட்டவேட்டரும். அந்தப் பழக்கத்தில், கருவியின் உயரத்தைப் பிடித்து வைக்கும் பொசிஷன் லீவரை ஒரு உயரத்தில் நிறுத்தி வைத்திருப்பீர்கள். அப்படி நிறுத்தினால் ஹைட்ராலிக் கலப்பையை அந்த உயரத்திலேயே பிடித்துக்கொண்டிருக்கும். மூக்கு எவ்வளவு இழுத்தாலும் இறங்காது. இறக்கைக் கலப்பைக்கு டிராஃப்ட் கண்ட்ரோல்தான் பொருத்தம். மண்ணின் எதிர்ப்பு கூடினால் அதுவே கலப்பையைச் சிறிது தூக்கும், குறைந்தால் இறக்கும். கருவியை டிராக்டரோடு மூன்று இடத்தில் பிணைக்கும் மும்முனை இணைப்பை ஹாரி ஃபெர்குசன் 1920களில் உருவாக்கியபோது அவருக்கு முன்னால் இருந்த கேள்வியே இந்தக் கலப்பைதான்: இழுவைச் சுமையை வைத்தே ஆழத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி, பாறையில் மாட்டினால் டிராக்டர் பின்னோக்கிக் கவிழாமல் இருப்பது எப்படி என்பது. ஆக, பொசிஷன் லீவரை முழுவதும் கீழே இறக்கிவிட்டு, டிராஃப்ட் லீவரால் ஆழத்தைப் பிடியுங்கள். அந்த லீவரும் மிக மேலே இருந்தால் கொஞ்சம் எதிர்ப்பு வந்ததுமே கலப்பை மேலே வந்துவிடும். உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சந்தேகம் டாப் லிங்க். அது நீளமாக இருந்தால் கலப்பையின் வால் தாழ்ந்து மூக்கு நிமிரும். சுருக்கினால் மூக்கு குனியும். சறுக்கும் கலப்பைக்கு முதல் வைத்தியம் இரண்டு மூன்று சுற்று சுருக்குவது. அளவுக்கு மேல் சுருக்கினால் மூக்கு மண்ணைக் குத்திக்கொண்டு போகும், குதிகால் காற்றில் தொங்கும், டிராக்டர் திணறும். சரியான இடத்தில் இருக்கிறதா என்பதைச் சாலில் இறங்கிப் பார்த்துச் சொல்லிவிடலாம்: பின் உடலில் உள்ள பக்கத் தகட்டின் குதிகால் சாலின் அடியில் லேசான தடம் விட வேண்டும். தடமே இல்லையென்றால் மூக்கு அதிகம் குனிந்திருக்கிறது. பள்ளமாகத் தோண்டியிருந்தால் டாப் லிங்க் நீளம்.

மூன்றாவது, ஐந்து நிமிடத்தில் நீங்கள் ஓட்டியது முதல் சால் மட்டும்தான். அதை வைத்து யாராலும் இறக்கைக் கலப்பையை எடைபோட முடியாது. இந்தக் கலப்பை வேலை செய்வதற்கு டிராக்டரின் வலது சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் ஓட வேண்டும். அப்போது டிராக்டர் வலப்பக்கம் சாயும். அந்தச் சாய்விலும் கலப்பையின் சட்டம் நிலத்துக்குச் சமமாக இருக்கும்படி அமைக்க வேண்டும். முதல் சாலிலோ நான்கு சக்கரமும் மேலே ஓடுகின்றன. அந்த அமைப்பில் முன் கொழு மேலாகக் கீறும், பின் கொழு மட்டும் ஆழமாகப் போகும். அது குறையில்லை, முதல் சாலை அப்படித் திறப்பதுதான் முறை.

சாலுக்குள் போகும் முன்பே தரையில் லெவல் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எட்டு அங்குலம் உழப் போகிறீர்கள் என்றால் எட்டு அங்குலக் கனத்துக்கு உறுதியான பலகைகளை அடுக்கி, இடது சக்கரங்கள் இரண்டையும் அதன் மேல் ஏற்றி நிறுத்துங்கள். டிராக்டர் சாலில் நிற்பதைப் போலவே சாய்ந்துவிடும். கலப்பையை இறக்கி, கலப்பையைத் தூக்கும் வலது லிஃப்ட் கையில் உள்ள லெவல் திருகைச் சுற்றிச் சட்டம் தரைக்கு இணையாக வரும்படி செய்யுங்கள். கருவி இடவலமாக ஆடாமல் பிடிக்கும் பக்கவாட்டுச் செயின்களைத் தளர்த்தி விடுங்கள். ரோட்டவேட்டருக்கு இறுக்கி வைத்திருப்பீர்கள். இறுக்கிய செயினோடு இறக்கைக் கலப்பையை ஓட்டினால் அது தன் வழியைத் தேட முடியாமல் டிராக்டரை இழுத்துக்கொண்டு போகும்.

மண்ணின் பதத்தையும் பாருங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறங்கள். உருண்டை நின்று, கட்டைவிரலால் அழுத்தினால் பொலபொலவென்று உடைந்தால் அது பதம். பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் அன்றைக்கு உழக்கூடாது. அந்த ஈரத்தில் உழுத களிமண் காய்ந்ததும் செங்கல்லாகிவிடும், அந்தப் பாவம் அடுத்த வெள்ளாமை வரை கூடவே வரும். கல்லாக இறுகிக் கிடந்தால் புதுக் கொழுகூட இறங்காது. அதை வைத்துக் கலப்பையைக் குறை சொல்வது நியாயமில்லை.

இப்போது ஓட்டுங்கள். முதல் சால் பாதி ஆழம். இரண்டாவது சால் வலது சக்கரங்களைச் சாலில் இறக்கி, முழு ஆழம். மூன்றாவதிலிருந்துதான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். வேகம் மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் இருக்கட்டும். இதிலும் ரோட்டவேட்டர் பழக்கம் உங்களுக்கு எதிரி. ஊர்ந்துகொண்டே போனால் மண் இறக்கையில் ஏறுமே தவிர, முழுவதும் புரண்டு விழாது. புல் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும், கொஞ்ச நாளில் மறுபடி வேர் பிடிக்கும். நீங்கள் வாங்கும் நோக்கமே கெட்டுவிடும். அதற்காகப் பறக்கவும் வேண்டாம், மண் தூரமாக எறியப்படும்.

ஆழம் பற்றி ஒரு வார்த்தை. அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்று சொல்லிச் சொல்லியே பல டிராக்டர்களின் கிளட்ச்சைத் தீர்த்திருக்கிறார்கள். 14 அங்குலக் கொழுவுக்கு ஏழிலிருந்து ஒன்பது அங்குல ஆழம் போதும். அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆழம் போனால் மண்துண்டு புரளாமல் நிமிர்ந்து நின்றுவிடும். ஒரு கொழுவுக்கு 15 முதல் 20 குதிரைத்திறன் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. களி கூடக் கூட இருபது பக்கம் போகும். உங்கள் 42-க்கு இரண்டு கொழு சரியான ஜோடி. மூன்று கொழு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

டிராக்டர் சமாளிக்கிறதா என்பதைச் சக்கரம் சொல்லும். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் அதே நிலத்தில் பத்துச் சுற்று ஓட்டி எவ்வளவு தூரம் போனது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு உழுதுகொண்டே பத்துச் சுற்று. முதல் தடவை 42 மீட்டர், உழும்போது 37 மீட்டர் என்றால் ஐந்து மீட்டர் வழுக்கல். கிட்டத்தட்ட 12 சதவீதம். 10 முதல் 15 வரை இருக்கலாம், தவறில்லை. அதற்கு மேல் போனால் டயரையும் டீசலையும் நிலத்தில் தேய்க்கிறீர்கள் என்று பொருள். ஆழத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் பின் சக்கரத்துக்கு எடை கூட்டுங்கள். கலப்பையைத் தூக்கித் திருப்பும்போது முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் இழந்தால் முன்பக்கமும் எடை வேண்டும்.

சால் ஓரத்தில் இறங்கி நடந்து பாருங்கள். சாலின் சுவர் கத்தியால் அறுத்தது போல் நேராக நிற்க வேண்டும், அடி சமமாக இருக்க வேண்டும். இரண்டு கொழு புரட்டிய மண்ணும் ஒரே உயரத்தில் படுத்திருக்க வேண்டும். ஒன்று உயரமாகவும் ஒன்று பள்ளமாகவும் மாறி மாறி வந்தால் முதலில் லெவலைப் பாருங்கள், பிறகு முன் கொழு வெட்டும் அகலத்தைப் பாருங்கள். முன் கொழு 14-க்கு மேலேயோ கீழேயோ வெட்டினால் கலப்பையின் முன்னால் கீழ்ப் பின்கள் இருக்கும் குறுக்குத் தண்டைத் திருப்பியோ டிராக்டரின் சக்கர அகலத்தை மாற்றியோ சரி செய்யலாம். எல்லாம் செய்தும் ஒரு கொழு மட்டும் அடம்பிடித்தால், தரையில் அளந்தபோது உங்கள் கண்ணுக்குத் தப்பிய வளைவு அங்கே இருக்கிறது. அந்த நிமிடமே டிராக்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இத்தனை நேரம் நான் திட்டிய பெயின்ட் இந்த இடத்தில் உங்களுக்கு உதவும். நூறு மீட்டர் உழுதபின் நிறுத்தி, கலப்பையை இறக்கி, எஞ்சினை அணைத்து, இறக்கையில் ஒட்டியிருக்கும் மண்ணைக் குச்சியால் தள்ளிவிட்டுப் பாருங்கள். மண் உரசிய இடமெல்லாம் பெயின்ட் போய் இரும்பு தெரிய ஆரம்பித்திருக்கும். கொழுவின் மூக்கிலிருந்து இறக்கையின் வால் வரை அந்தப் பளபளப்பு ஒரே ஓட்டமாகப் பரவியிருந்தால் மண் தடையில்லாமல் ஓடுகிறது. நடுவில் தீவு போல் பெயின்ட் அப்படியே மிஞ்சியிருந்தால் அங்கே பள்ளமோ நெளிவோ இருக்கிறது, மண் அதைத் தொடாமல் தாண்டிப் போகிறது. பக்கத் தகட்டிலும் பாருங்கள். பின் உடலின் தகடு குதிகால் வரை சீராக உரசியிருக்க வேண்டும். ஒரு உடலில் பளபளப்பும் மற்றதில் பெயின்ட்டுமாக இருந்தால் இரண்டும் ஒரே திசையில் ஓடவில்லை. நாடா அளவு காட்டாததைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும். பெயின்ட் அடிக்காத பழைய கலப்பையில் இந்த வசதி கிடைக்காது. நாங்கள் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம்.

உங்கள் மைத்துனர் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. சட்டிக் கலப்பை உருண்டு போவது. கல்லும் வேரும் வந்தால் ஏறி இறங்கிவிடும், காய்ந்த நிலத்திலும் ஒட்டும் களியிலும் இறக்கை தோற்கும் இடத்தில் அது வேலை செய்யும். ஆனால் அது இறங்குவது பெரும்பாலும் எடையால் என்பதால் கலப்பை கனம் கூடியதாக இருக்கும். புல்லை முழுவதும் கீழே புதைக்காது, பாதி மேலே தெரிந்துகொண்டிருக்கும். கல் இல்லாத வண்டலில் புல்லைப் புரட்டிப் புதைக்க வேண்டும் என்ற உங்கள் தேவைக்கு இறக்கைதான் என் தேர்வு. அவர் நிலத்தில் கல் இருக்கிறதோ என்னவோ, கேட்டுப் பாருங்கள். தன் நிலத்தை நினைத்துத்தான் பெரும்பாலும் எல்லோரும் யோசனை சொல்கிறோம். எப்போதாவது சட்டிக் கலப்பை பார்க்கப் போனால் ஒவ்வொரு சட்டியையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. கையால் சுற்றினால் கரகரப்பில்லாமல் சுற்ற வேண்டும். பின்னால் சாய்ந்து ஓடும் சிறு சக்கரத்தையும் விட்டுவிடாதீர்கள்; பக்கவாட்டு உதைப்பையெல்லாம் தாங்குவது அதுதான்.

விலை பேசும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கொழுவின் பின்புறத்தில் வார்ப்பிலோ அச்சிலோ ஒரு பாக எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் அளந்துகொண்டு, உதிரிபாகக் கடையில் போய் அந்தக் கொழு, இறக்கை, பக்கத் தகடு மூன்றும் கிடைக்குமா என்று கேளுங்கள். தயாரிப்பை நிறுத்திவிட்ட கலப்பை எவ்வளவு நேராக இருந்தாலும் கொழு தேயும் வரைதான் உங்களுக்கு உழைக்கும். மூன்றும் கிடைக்கும் என்றால், இரண்டு கொழுவுக்கும் இரண்டு பக்கத் தகட்டுக்கும் கடை சொல்லும் தொகையை விற்பவர் கேட்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அது புதுக் கலப்பை விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் நான் பேரத்தை நீட்ட மாட்டேன்.

போகும்போது எடுத்துச் செல்லுங்கள்: நாடா, நேரான இரும்புப் பட்டை, கம்பி பிரஷ், சாக்பீஸ், பலகைகள், போல்ட்டுக்கு ஏற்ற ஸ்பேனர், இணைப்புப் பின் கழலாமல் பிடிக்கும் லிஞ்ச் பின் உபரியாக இரண்டு. அந்தப் பின் எப்போதும் புல்லுக்குள்தான் போய் விழும்.